கல் இருக்கிறது, கத்தி தேவையா?

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கும் இந்தப் பேரூருக்குச் சுற்றுவட்டார விவசாயிகள் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். விரலி, உருண்டை, பனங்காளி என்று தனித்தனியாகப் பிரித்து விலை வைப்பார்கள். வாங்க வந்தவர் ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார். உள்ளே தெரியும் நிறத்தைப் பார்ப்பார். அந்த நிறத்தைத் தருவது குர்குமின் என்னும் வேதிப்பொருள். அதே பொருள் மனிதரின் பித்தப்பையை இறுக்கிப் பிழியவும் செய்யும். ஏலக் களத்தில் யாரும் இதைப் பேசப்போவதில்லை. ஆனால், பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

இந்தோனேசிய ஆய்வாளர்கள் 1999-லும் 2002-லும் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகள் இதை அளந்து காட்டின. நோயில்லாத தன்னார்வலர்களுக்கு வெவ்வேறு அளவில் குர்குமின் கொடுத்து, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பித்தப்பையின் கொள்ளளவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 20 மில்லிகிராமிலேயே இரண்டு மணி நேரத்துக்குள் பித்தப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. 80 மில்லிகிராம் கொடுத்தபோது முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியது. ஆரோக்கியமான பித்தப்பைக்கு இது நல்லதுதான், தேங்காமல் காலியாகிறது. உள்ளே கல் கிடந்தால் கதை வேறு. பை சுருங்கும்போது கல் வாசலுக்குத் தள்ளப்படலாம். அதனால்தான் பித்தநாள அடைப்போ பித்தப்பைக் கல்லோ உள்ளவர்கள் மஞ்சளை மருந்தாக உட்கொள்ளக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை எச்சரிக்கிறது.

குழம்பில் போடும் மஞ்சள்தூளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒருவர் தட்டுக்கு வந்து சேரும் அளவு மிகக் குறைவு. இங்கே சொல்லப்படுவது, 500 மில்லிகிராம் குர்குமின் என்று லேபிள் ஒட்டி விற்கும் மாத்திரைகளையும், ‘உடம்பைச் சுத்தப்படுத்த’ வெறும் வயிற்றில் கரண்டி கரண்டியாக விழுங்கும் தூளையும்தான். ‘இயற்கைப் பொருள், கெடுதல் செய்யாது’ என்ற நம்பிக்கை பித்தப்பைக்குச் செல்லாது.

பித்தப்பைக் கல் விஷயத்தில் இரண்டு தவறுகள் அக்கம்பக்கமாக நடந்துகொண்டிருக்கின்றன. எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கும் கல்லுக்கு அவசர அவசரமாகத் தேதி குறித்து அறுவைச் சிகிச்சை நடக்கிறது. நாளத்தில் போய் அடைத்துக்கொண்டு உயிருக்கு உலை வைக்கும் கல்லுக்கோ கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டில் கிடக்கிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் இருக்கும் ‘கல்’ என்ற ஒரு சொல்லை வைத்து முடிவெடுப்பதால்தான் இந்த இரண்டு தவறும் நேர்கின்றன. முடிவெடுக்க வேண்டியது நோயாளியின் உடம்பு காட்டும் குறிகளை வைத்து.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியை வாங்கி, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கிச் சேமிப்பது பித்தப்பையின் வேலை. அது 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை கொள்ளும் சிறிய பை. உணவில் கொழுப்பு வந்து சிறுகுடலைத் தொட்டதும் ஒரு ஹார்மோன் சுரந்து, பை சுருங்கி, பித்தநீரைக் குடலுக்குள் பீய்ச்சும். 1920-களில் அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் எட்வர்ட் பாய்டன் இதைச் சோதிக்க முட்டை மஞ்சள்கருவையும் பாலேட்டையும் சேர்த்து உண்ணக் கொடுத்தார். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில், கல் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் சந்தேகத்துக்கு விடை இதில் இருக்கிறது. முட்டை தின்பதால் கல் உண்டாவதாகச் சான்றில்லை. ஆனால், ஏற்கெனவே கல் இருந்து வலி வந்து போனவருக்கு, மஞ்சள்கருவோ எண்ணெயில் பொரித்ததோ பையைச் சுருக்கி வலியைக் கிளப்பக்கூடும். சிகிச்சை முடியும்வரை அவர் கொழுப்பைக் குறைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

கற்களிலும் வகை உண்டு. பித்தநீரில் கொழுப்பு கரையாமல் மிஞ்சிப் படிந்தால் கொலஸ்ட்ரால் கல். வெளிர்மஞ்சளாக, சில நேரம் ஒன்றோடொன்று உரசிப் பட்டை தீட்டியதுபோல் முகங்களோடு இருக்கும். ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து வெளியாகும் பிலிருபின் படிந்தால் நிறமிக் கல். கரிபோல் கறுத்து, விரலால் நசுக்கினால் பொடியும். கிருமித் தொற்றோடு பித்தநாளத்திலேயே விளையும் பழுப்பு நிறக் கற்கள் மெழுகுபோல் மெத்தென்று இருக்கும். மனிதருக்கு மட்டும் வருவதல்ல இது. நாட்டு மருந்துக் கடையில் குழந்தைகளுக்காக வாங்கும் கோரோசனை, மாட்டின் பித்தப்பைக் கல்லேதான். சீன மருத்துவத்தில் அதற்கிருக்கும் கிராக்கியால் உலகச் சந்தையில் தங்கத்தைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது.

யாருக்கு வரும்? ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கர்ப்பக் காலம், உடல் பருமன், நீரிழிவு, குடும்ப வழி எல்லாம் காரணங்கள். பட்டினி கிடந்து சில வாரங்களில் பத்து கிலோ குறைப்பவர்களுக்கும் வரும். இன்றைய உணவுக் கட்டுப்பாட்டு மோகத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ரத்த அணுக்கள் சீக்கிரம் சிதையும் பரம்பரை நோய்கள் இருந்தால் சிறு வயதிலேயே கறுப்புக் கற்கள் சேரும். இந்தியாவில் அரிவாள் அணுச் சோகை முதன்முதலில் பதிவானது 1952-ல் நம் நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். அத்தகைய குடும்பத்துப் பிள்ளை மேல்வயிறு வலிக்கிறது என்றால், ‘சின்னப் பையனுக்குக் கல் எப்படி வரும்’ என்று தள்ளிவிடக் கூடாது.

இனி, முதல் தவறுக்கு வருவோம்.

சேலம், நாமக்கல் என்று எங்கு பார்த்தாலும் ஸ்கேன் மையங்கள். ‘மாஸ்டர் செக்கப்’ என்று போனவருக்கு, முதுகு வலிக்காகப் போனவருக்கு, கர்ப்பம் பார்க்கப் போனவருக்கு, போன வேலைக்குச் சம்பந்தமில்லாமல் அறிக்கையின் கடைசி வரியில் கல் தென்படுகிறது. அந்த நிமிடம்வரை நன்றாக இருந்தவர் அன்றிரவு தூங்குவதில்லை. ‘வெச்சிருந்தா வெடிச்சிரும்’ என்று யாரோ சொல்கிறார்கள். ‘கேன்சராயிரும்’ என்று இன்னொருவர்.

இப்படிக் கிடக்கும் கல் என்னதான் செய்யும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். அங்குப் பணியாற்றியவர்களுக்கு நடந்த வழக்கமான பரிசோதனையில், தொந்தரவே இல்லாத 123 பேருக்குக் கல் இருப்பது தெரிந்தது. அவர்களைத் தொடர்ந்து கவனித்த கிரேசி, ரான்சோஹாஃப் என்னும் இரு மருத்துவர்கள் 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் 10 விழுக்காட்டினருக்கு வலி வந்தது. பத்து ஆண்டுகளில் 15 விழுக்காடு. பதினைந்து ஆண்டுகளில் 18 விழுக்காடு. பித்தப்பை நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அந்த 123 பேரில் 110 பேர் ஆண்கள் என்பது இந்த ஆய்வின் குறை. பின்னால் பெண்களையும் சேர்த்து நடந்த ஆய்வுகளிலும், தொந்தரவில்லாத கல் ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான் வேலை காட்டுகிறது. பெரும்பாலோர் கல்லோடு வாழ்ந்து, வேறு காரணத்தால் இயற்கை எய்துகிறார்கள்.

ஒருகாலத்தில் நீரிழிவு இருந்தாலே கல்லை எடுத்துவிடச் சொல்வார்கள். அந்த அறிவுரையும் இன்று மாறிவிட்டது. நீரிழிவு மட்டுமே இருக்கிறது, வலி இல்லை என்றால் அறுவை வேண்டியதில்லை. விதிவிலக்குகள் உண்டு. கல் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கல்லோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சதை வளர்ச்சி தெரிந்தாலோ, ரத்தச் சிதைவு நோய் இருந்தாலோ, தொந்தரவு இல்லாவிட்டாலும் மருத்துவர் அறுவையைப் பற்றிப் பேசுவது நியாயம்.

புற்றுநோய் பயத்துக்கு ஒரு பூகோளம் இருக்கிறது. ரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா, இந்தியா முழுவதும் ரயில்வே ஊழியர்களின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்து 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெற்கைவிட வடக்கில் பித்தப்பைக் கல் ஏழு மடங்கு அதிகம் என்று அதில் கண்டார். பித்தப்பைப் புற்றுநோயும் அப்படித்தான். கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கிலும் அது பெருங்கொடுமை. தென்னிந்தியாவில் மிகக் குறைவு. வாராணசியிலோ பாட்னாவிலோ ஒரு மருத்துவர் ‘தொந்தரவில்லாத கல்லையும் எடுத்துவிடலாம்’ என்று யோசித்தால் அதற்கு அந்த ஊர்க் காரணம் உண்டு. அதே வாக்கியத்தை ராசிபுரத்தில் ஒரு குடும்பத்தைப் பயமுறுத்தச் சொன்னால் அது மருத்துவம் ஆகாது. பித்தப்பைப் புற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல் இருக்கும் என்பது உண்மை. கல் இருப்பவர்களில் மிக மிகச் சிலருக்கே புற்று வரும் என்பதும் அதே அளவு உண்மை.

தேவையில்லாத அறுவை என்பது கற்பனைப் பயமல்ல. காப்பீட்டுத் திட்டங்கள் வந்த பிறகு பிஹார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பை தேவையின்றி நீக்கப்பட்ட விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. அத்தகைய அறுவைகளைக் கண்காணிக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கி, 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடந்துவரும் திட்டம், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது. கோடிக்கணக்கானோருக்கு அது பெரிய ஆறுதல். ஆறுதல் தரும் திட்டத்துக்கும் காவல் வேண்டும். பித்தப்பை நீக்கத்துக்கு ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் வலி எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை வந்தது என்று மூன்று வரி எழுத வைப்பது அரசுக்கு ஒன்றும் சிரமமில்லை.

வலி என்றால் எந்த வலி? இங்கேதான் பெரிய குழப்பம். பித்தப்பைக் கல்லின் வலிக்குத் தனி அடையாளம் உண்டு. விலா எலும்புக்குக் கீழே வலது பக்கத்திலோ, நெஞ்சுக்குழிக்குக் கீழே நடுவிலோ பிடிக்கும். விருந்துச் சாப்பாட்டுக்குப் பின், பெரும்பாலும் இரவில் வரும். விட்டு விட்டு இழுக்காது. ஏறி, ஒரே நிலையில் நின்று, அரை மணியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வரை நீடிக்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ ஓடும். வாந்தி வரும், எடுத்தாலும் ஆறாது. எப்படிப் படுத்தாலும் இருப்புக் கொள்ளாது. பிறகு தானாகவே விட்டுவிடும். விட்டதும் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா குடித்ததோடு மறந்துவிடுகிறார்கள். சிலருக்கு வருடக்கணக்கில் இப்படி ஊசி போட்டே ஓடியிருக்கும். நெஞ்சுக்குழியில் வலி என்றால் மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு முதலில் ஈசிஜி எடுத்துப் பார்ப்பதே முறை.

இந்த வலி ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அவருக்கு அறுவை நல்ல தீர்வு. ஆனால் ஏப்பம், வயிற்று உப்புசம், புளிச்சல், சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு இவையெல்லாம் கல்லின் வேலை அல்ல. கல் இருக்கிறது, உப்புசமும் இருக்கிறது என்பதற்காகப் பையை எடுத்தால் பை போகும், உப்புசம் இருக்கும். நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில் 1,067 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. வயிற்று வலியும் கல்லும் உள்ளவர்களை ஒரு பிரிவில் வழக்கம்போல் சேர்த்து அறுவை செய்தார்கள். இன்னொரு பிரிவில் கறாராக அறிகுறிகளைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், இரண்டு பிரிவிலுமே ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேருக்கு வலி முழுதாகப் போகவில்லை. திறமையான கைகள், நல்ல வசதிகள் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. அறுவைக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது தவறு உயிரை எடுப்பது. அதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

கல் பித்தப்பையிலிருந்து நழுவிப் பொதுப் பித்தநாளத்தில் போய் அடைத்தால், பித்தநீர் குடலுக்குப் போக வழியில்லாமல் ரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும், மலம் களிமண்போல் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். வெளியே பார்த்தால் சாதாரண மஞ்சள் காமாலை மாதிரியேதான் இருக்கும். ஊரில் காமாலை என்றதும் கால்கள் தாமாக வைத்தியர் வீட்டுக்கு நடக்கின்றன. கீழாநெல்லியை அரைத்து மோரிலோ ஆட்டுப்பாலிலோ கொடுப்பார்கள். எண்ணெய், உப்பு நீக்கிப் பத்தியம் சொல்வார்கள். கையில் சுண்ணாம்பு தடவிக் கழுவி, தண்ணீர் மஞ்சளாக இறங்குவதைக் காட்டுகிறவர்களும் உண்டு.

கீழாநெல்லியை ஏளனம் செய்யும் நோக்கம் இங்கே இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெப்படைட்டிஸ்-பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிருமியைச் சுமந்துகொண்டிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி இனச் செடியின் பொடியைக் கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது; வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை இன்னும் ஆராயட்டும், தவறில்லை. ஆனால் அது கிருமியால் வரும் காமாலையைப் பற்றிய பேச்சு. குழாயில் கல் சிக்கியதால் வரும் காமாலைக்கு எந்த இலையும், எந்தப் பத்தியமும், எந்த மந்திரமும் வழி திறக்காது. கிருமியால் வரும் சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். வைத்தியருக்குப் பேர் கிடைக்கிறது. அந்தப் பேரை நம்பி வருகிற பத்துப் பேரில் ஒருவருக்கு அடைப்பாக இருந்தால், அவருக்கு அந்தச் சில வாரங்கள்தான் எமன்.

அடைபட்ட நாளத்தில் கிருமி சேர்ந்தால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். வலி, காமாலை, நடுக்கக் காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது மருத்துவ அவசரம் என்று பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1877-லேயே எழுதிவைத்தார். ரத்தம் முழுதும் நஞ்சேறி ஓரிரு நாளில் உயிர் போகும். அந்த மூன்றும் சேர்ந்த ஆளை விடியட்டும் என்று வைத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். கல் கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி. நெஞ்சுக்குழியில் துளைத்து முதுகுக்கு ஏறும் வலி, நிற்காத வாந்தி. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெரிய கல் பையிலேயே உட்கார்ந்திருக்கும். சிறிய கற்களே நழுவி நாளத்துக்குள் போகும். ‘சின்னக் கல்தானே’ என்ற ஆறுதல் வலி வந்தவருக்குப் பொருந்தாது.

வாய்வழியாகக் குழாய் செலுத்தி, நாளத்தின் வாயைச் சிறிது கீறி, கல்லை எடுக்கும் முறை 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியது. ஈஆர்சிபி என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். வயிற்றைத் திறக்காமலே அடைப்பு நீங்கிவிடும். சில நேரம் பித்தநீர் வடிய சிறு பிளாஸ்டிக் குழாயை, அதாவது ஸ்டென்ட்டை, உள்ளே வைத்து அனுப்புவார்கள். அதை மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். உடம்பு தேறியதும் அதை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. குழாய் அடைத்து, மறுபடியும் நடுக்கக் காய்ச்சலோடு வந்து சேர்கிறார்கள்.

தாமதம் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பித்தப்பை வீங்கிச் சேர்க்கப்பட்டவருக்கு ஊசி போட்டு ஆற வைத்து, ‘ஆறு வாரம் கழித்து வாங்க, எடுத்துடலாம்’ என்று அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. ஜெர்மனியில் 618 நோயாளிகளை வைத்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 11.8 விழுக்காட்டினருக்கே சிக்கல் வந்தது. ஆற வைத்துப் பிறகு செய்தவர்களில் 34.4 விழுக்காடு. கணைய அழற்சி லேசாக வந்து போனவர்களுக்கும், அதே சேர்க்கையிலேயே பையை எடுத்துவிடுவது நல்லது என்று 2015-ல் நெதர்லாந்து ஆய்வு காட்டியது. கூலி வேலைக்குப் போகிறவர் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வருவார் என்று எதிர்பார்ப்பதே சரியில்லை. களையெடுப்பு, அறுவடை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று ஏதாவது குறுக்கே வரும்.

பித்தப்பையை எடுத்தால் வாழ முடியுமா என்ற பயத்துக்குப் பதில் 140 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1882 ஜூலை 15 அன்று பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் உலகின் முதல் பித்தப்பை நீக்க அறுவையைச் செய்தார். கல்லை மட்டும் எடுத்தால் பை மறுபடியும் கல் செய்யும், ஆகவே பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். பை போன பிறகும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். அது நேராகக் குடலுக்குப் போகும். சிலருக்குச் சில வாரங்கள் மலம் இளகிப் போகும், அவ்வளவுதான். 1985-ல் ஜெர்மனியின் எரிக் மூஹே துளை வழியாக இதைச் செய்து காட்டினார். இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹம்டன் உட்வாடியா தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் இதைப் பரப்பியவர்களில் கோவையின் சி.பழனிவேலு முக்கியமானவர். நான்கு சிறு துளைகள், ஓரிரு நாளில் வீடு என்று ஆகிவிட்டது.

எளிதாகிவிட்டது என்பதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் வெட்டுப்பட நேரலாம். 1953 ஏப்ரலில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் அந்தோணி ஈடனுக்கு லண்டனில் பித்தப்பை அறுவை நடந்தது. நாட்டின் மிகப் பெரிய மனிதர்களில் ஒருவர், பேர்பெற்ற மருத்துவர். அப்படியும் நாளம் சேதமானது. கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. பிரதமரான பிறகும் காய்ச்சல் வந்து வந்து போனது. சூயஸ் நெருக்கடி முற்றிய 1956 அக்டோபரிலும் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுத்தார். 1957 ஜனவரியில் உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். துளை வழியே பார்க்கையில் உள்ளே தெளிவாகத் தெரியவில்லை என்றால், வயிற்றைத் திறந்து செய்ய முடிவெடுக்கும் மருத்துவரைக் குறை சொல்லக் கூடாது. அவர் நோயாளியைக் காப்பாற்றுகிறார்.

கைபேசியில் சுற்றும் ‘அறுவையில்லாமல் கல் கரைய’ யோசனைகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுவது. சிறுநீர்ப் பாதைக்கும் பித்தநாளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆப்பிள் சாறு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு குடித்தால் பச்சைக் கற்களாக வெளியே வரும் என்று காணொலிகள் காட்டுகின்றன. நியூசிலாந்தில் ஒரு பெண் அப்படி வெளிவந்தவற்றைச் சேகரித்து மருத்துவரிடம் கொடுத்தார். பரிசோதனையில் அவை கற்களே அல்ல, குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றில் சேர்ந்து உண்டான சோப்புக் கட்டிகள் என்று தெரிந்தது. 2005-ல் லான்செட் இதை வெளியிட்டது. உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை உண்மையிலேயே கல்லைக் கரைக்கும். ஆனால் சிறிய கொலஸ்ட்ரால் கற்களை மட்டும், அதுவும் மாதக்கணக்கில் சாப்பிட்டால். நிறுத்திய ஐந்தாண்டுக்குள் பாதிப் பேருக்குக் கல் மறுபடி வந்துவிடும். தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசம் என்பதால், இங்கே அதை எல்லோருக்கும் எழுதித் தருவதில் பொருளில்லை.

நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராசிபுரம் அரசு மருத்துவமனை நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. கண் மஞ்சளான ஒருவர் முதலில் எந்தப் படியேறுகிறார் என்பதில்தான் இடைவெளி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு வீடாகப் போகும் பெண்கள், ‘மலம் வெளுத்துப் போகுதா, குளிர் காய்ச்சல் இருக்கா, வயித்து மேல வலிக்குதா’ என்று கூடுதலாக மூன்று கேள்வி கேட்கப் பயிற்சி போதும். காமாலைக்கு மருந்து கொடுக்கும் நாட்டு வைத்தியர்களையும் எதிரிகளாக்காமல் கூப்பிட்டுப் பேசலாம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேனுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டால் மறுக்கமாட்டார்கள். ஸ்கேன் அறிக்கையில் ‘கல்’ என்று எழுதும் மையங்கள், வலி இல்லாவிட்டால் அவசரம் இல்லை, இன்னின்ன குறி தெரிந்தால் உடனே வரவும் என்று தமிழில் நான்கு வரி அச்சிட்டுத் தரலாம். மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கையில் முடிக்கக்கூடிய வேலை இது. ஸ்டென்ட் வைத்து அனுப்பப்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் அதை எடுக்க வேண்டிய தேதியும் அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால், மூன்றாவது மாதம் கிராமச் செவிலியர் வீடு தேடிப்போய் அவரைச் சேலம் பேருந்தில் ஏற்றிவிட முடியும்.